ஏடு காக்கும் கலை

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் வேளையில் கணக்கப்பிள்ளை குறிக்கும் எண்ணே மாத முடிவில் சம்பளமாகத் திரும்புகின்றது. அந்த எண் திருத்தப்பட்டிருக்குமாயின், திருத்தியவர் யார், திருத்தியது எப்பொழுது, முன்னர் இருந்தது என்ன என்னும் மூன்று வினாக்கள் எழுவது இயல்பு. மூன்றுக்கும் விடை கூறவல்ல ஏடே நம்பத்தக்க ஏடு.

மென்பொருள் எழுதுவோரும் இத்தகைய ஏடொன்றை வைத்திருக்கின்றனர். பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்பது அதன் பெயர். நிரலில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைத்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தருவது அதன் தொழில். ஹட்டனில் இருந்தவாறு நான் நாள்தோறும் கையாளுவது ‘கிட்’ என்னும் முறையாகும். லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதனை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ அதனைப் பராமரித்து வருகின்றார்.

அதன் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு, அதற்குக் கைரேகை போன்றதோர் எண்ணை அது வழங்குகின்றது. ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். கோப்புகளின் பெயரும் கைரேகையும் அடங்கிய பட்டியலுக்கு ஒரு கைரேகை. அப்பட்டியலையும், எழுதியவர் பெயரையும், நாளையும், முந்திய பதிவின் கைரேகையையும் தாங்கிய பதிவுக்கு மற்றொரு கைரேகை. ஆகவே பழைய பக்கத்தில் எவரேனும் கைவைத்தால், அதன்பின் வந்த பக்கங்கள் யாவும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இக்கைரேகையைக் கணக்கிடுவதற்குத் தொடக்கத்தில் கொள்ளப்பட்ட முறை ‘ஷா-1’ என்பது. அதன் நீளம் 20 பைட்டுகள். எழுதிக்காட்டினால் 40 எழுத்துகள். 2017 பெப்ரவரியில் அம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையம் ஒன்றும் கூகிள் நிறுவனமும் கூடி, வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே ஷா-1 கைரேகை அமையுமாறு செய்து காட்டின. அதனால் கிட் இடிந்து விழுந்துவிடவில்லை. அத்தகைய சூழ்ச்சியைக் கண்டறியும் காவல் அவ்வாண்டிலேயே அதனுள் சேர்க்கப்பட்டது. எனினும் 32 பைட்டு நீளமுள்ள ‘ஷா-256’ முறைக்கு மாறவேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

ஈண்டுதான் இடர்ப்பாடு தலைகாட்டியது. 20, 40 என்னும் எண்கள் நிரலெங்கும் சிதறிக் கிடந்தன. ஒரே செய்தி எண்ணற்ற இடங்களில் எழுதப்பட்டிருந்தால், அதனை மாற்றுவோன் ஓரிடத்தை மறந்தாலும் போதும், ஏடு கெட்டுவிடும். எனவே நிரலாளர்கள் முதலில் முறையை மாற்ற முற்படவில்லை, எளிமையாக்கினர். சிதறிக் கிடந்த எண்களைக் களைந்து, கைரேகைக்கென ஒரே அமைப்பை வகுத்து, நீளத்தை ஓரிடத்தில் மட்டும் குறித்தனர். 2015 அளவிலேயே தொடங்கியிருந்த இப்பணி சிறுசிறு திருத்தங்களாகப் பல ஆண்டுகள் நடந்தது. புறத்தே நின்று பார்ப்பவனுக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. மாறாமலிருப்பதே அப்பணியின் வெற்றி.

மாறவில்லை என்பதை எங்ஙனம் அறிவது? அதற்குத்தான் சோதனைகள். கிட்டுடன் நூற்றுக்கணக்கான சோதனை நிரல்கள் சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொன்றும் வெற்றிடத்தில் புதிய ஏடொன்றைத் திறந்து, சில பதிவுகளை எழுதி, கிடைத்த விளைவை எதிர்பார்த்த விளைவோடு ஒப்பிடும். திருத்தம் ஒன்று செய்தவுடன் இவை மீண்டும் ஓட்டப்படுகின்றன. சுவையான செய்தி யாதெனில், அச்சோதனைகளிலேயே பழைய 40 எழுத்துக் கைரேகைகள் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. காவலனையும் திருத்திய பின்னரே காவல் பயன்பட்டது. பின்னர் அதே சோதனைகள் இரு முறைகளிலும் ஓட்டப்பட்டன. 2020 அக்டோபரில் வெளிவந்த 2.29 ஆம் பதிப்பில் ஷா-256 சோதனை நிலையில் பயனர் கைக்கு வந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. தேவையற்றதாகத் தோன்றும் ஒரு வரியை நீக்குவது எளிது. நீக்கியதனால் எவருடைய பதிவும் அழியவில்லை என்று நிறுவுவதே அரிது. சோதனையின்றிச் செய்யும் எளிமை, தராசைப் பிரித்துப் பூட்டியபின் படிக்கல் வைத்துப் பாராமலே கொழுந்து நிறுப்பதை ஒக்கும். சோதனையின் நேர்மையையும் சோதிக்க வேண்டும். நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்திப் பாருங்கள். அப்பொழுதும் வாய்திறவாத சோதனை காவலன் அன்று, காவலன் வேடமே.

மலையகத்தாருக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்புக்கோ, பாட்டன் முப்பாட்டன் பிறப்புக்கோ சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்து மலையில் உழைத்து மடிந்தவர்களின் பிள்ளைகள், ஒரு தாளைக் காட்ட இயலாமையால் நாடற்றவர் ஆயினர். அத்தீங்குக்கு மூலம் சட்டமே. ஆயினும் பதிவில்லாமை அதற்குக் கருவியாயிற்று. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் வந்தது.

இங்கே கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கைரேகைச் சங்கிலி, எழுதப்பட்டது மாற்றப்படவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. எழுதப்பட்டது உண்மைதானா என்பதை அது அறியாது. பதினெட்டுக் கிலோவைப் பதினைந்தென்று எழுதினால், அப்பதினைந்தையே அது என்றென்றும் பழுதின்றிக் காக்கும். எழுதும் கையின் நேர்மைக்கு ஈடான பொறி எதுவும் இல்லை.

கிட்டின் மூலநிரலும் சோதனைகளும் எவரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. கணினி பயிலும் நம் இளைஞர்கள் அவற்றைக் கட்டளைகளாக மனனம் செய்வதோடு நில்லாது, உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். சிறியதொரு சோதனையை ஓட்டி, ஒரு வரியை மாற்றி, எது உடைகின்றது என்று நோக்கட்டும். நாளை நம் தோட்டத்துப் பெயரேடுகளும் பிறப்புப் பதிவுகளும் அவர்கள் எழுதும் மென்பொருளில் ஏறக்கூடும்.