நம்பிக்கைக்கு எது எதிர்ச்சொல்?

“என்னை நம்பவில்லையா, சார்?” வங்கிக் கவுண்டரின் இப்புறம் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் எனக்கு இக்கேள்வி புதிதன்று. கையொப்பம் சற்றே மாறியிருப்பதைச் சுட்டினாலும் எழும்; முகவரிச் சான்றைப் புதுப்பிக்கக் கேட்டாலும் எழும். கேட்பவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருக்கும்.

வணிகவியல் பயின்ற காலத்தில் என்னை வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் வைப்புத்தொகைக்கு வங்கி ‘டிரஸ்டி’ அன்று, வெறும் கடனாளி. 1848இல் ஃபோலி எதிர் ஹில் என்னும் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு இது. நம் நாட்டு வங்கியியலும் இக்கோட்பாட்டையே பின்பற்றுகிறது. டிரஸ்டி எனப்படுபவர், தம்மிடம் உள்ள சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம். வங்கியோ வைப்புத்தொகையைப் பிறருக்குக் கடனாக அளித்து வட்டி ஈட்டுகிறது; உரிய வேளையில் அத்தொகையைத் திருப்பித் தருவதே அதன் பொறுப்பு. பாதுகாப்புக்கென முத்திரையிட்டு ஒப்படைக்கும் உறையின் கணக்கு வேறு. அதைத் தொடாமல் அப்படியே திருப்பித் தரவேண்டும்.

ஆகவே, வைப்புதாரர் வங்கியின்மீது கொள்வது கடன் கொடுத்தவரின் நம்பிக்கை. ‘கிரெடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லே, நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததுதான். தமிழில் ‘கடன்’ என்பது பெற்ற தொகையையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கிறது. நாணயம் என்றால் காசு, நேர்மையும் அதுவே. இச்சொற்களை ஆக்கியவர்கள் கடைவீதியை நன்கறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி எதிர்ச்சொல். அவநம்பிக்கை என்றெழுதிப் பள்ளியில் மதிப்பெண் பெற்றோம். நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது அதனினும் கொடியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு அதனைக் குற்றமாக்குகிறது. அதைச் செய்பவர் வங்கியாளராயின் ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம். எங்களைச் சட்டம் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது!

ஐயத்தையும் நம்பிக்கைக்கு எதிராக நிறுத்துவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து தெளிதல்’. அங்கே தெளிதல் என்பது நம்புதல். ஆராய்ந்த பின்னரே அது நிகழ்கிறது. கலங்கிய நீர் தெளிவதற்கும் இதே சொல்தான். அதற்குச் சற்று நேரம் வேண்டும்.

மோசடிக்காரர்கள் மறுப்பது அந்த நேரத்தைத்தான். மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றியபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தம் வைப்புத்தொகை 12 லட்சத்தை முதிர்வுக்கு முன்பே முறித்து, வேறொரு கணக்குக்கு அனுப்பச் சொன்னார். கைப்பேசி மேசைமீது கவிழ்ந்து கிடந்தது; அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

“யாருக்கு டீச்சர் அனுப்பறீங்க?”

“சொந்தக்காரருக்கு.”

“என்ன சொந்தம்?”

“பதினேழு வருஷமா வர்றேன். என்னை நம்பலையா, தம்பி?”

நான் பதில் கூறவில்லை. ‘உங்களை யாராவது மிரட்டுகிறார்களா?’ என்று ஒரு தாளில் எழுதி அவர்பால் நகர்த்தினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, மெல்லத் தலையசைத்தார். காவல் அதிகாரி எனக் கூறிக்கொண்ட ஒருவன் இரண்டு நாட்களாக அவரை ‘டிஜிட்டல் கைது’ செய்து வைத்திருந்தானாம். அவனது முதற்கட்டளை, வங்கியில் எவரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்பது. நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணில் புகார் செய்தோம். பணம் போய்விட்ட பிறகும் தாமதியாமல் அவ்வெண்ணை அழைப்பது நல்லது. எஞ்சிய தொகையை முடக்கிவைக்க வாய்ப்புண்டு.

ஆசிரியையிடம் அவ்வளவு துருவிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன், நன்கு பழகிய மற்றொரு முதியவர் இதேபோல் வந்தார். “என்னை நம்பலையா?” என்று கேட்டுவிடுவாரோ எனத் தயங்கி, நான் ஒன்றும் கேட்காமல் படிவத்தில் ஒப்பமிட்டேன். அவர் பணத்தில் சிறு பகுதியே மீண்டது. அதன் பிறகும் அவர் மாதந்தோறும் ஓய்வூதியம் பெற என் கவுண்டருக்கே வந்தார். அன்று ஏன் கேட்கவில்லை என்று ஒருமுறைகூட அவர் என்னிடம் கேட்டதில்லை.