முடிவு தெரிந்த பின்னும்

வெளிநாட்டுப் பயணத்தில் தவறவிட்ட டென்னிஸ் ஆட்டத்தை ஊர் திரும்பியதும் ஓடிடி தளத்தில் முழுமையாகக் காணலாம். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இந்தியச் சந்தா அயல்நாட்டில் பயன்படாமல் போவதுண்டு.

முடிவை அறியாமல் காண விரும்புவோர் கைபேசி அறிவிப்புகளை நிறுத்திவைத்தல் நலம். காணொளியின் நீளமும் எச்சரிக்கைக்குரியது: ஒருவர் இரு செட்களை வென்ற பின்னும் மூன்று மணி நேரம் எஞ்சியிருந்தால், திருப்பம் உண்டென்பது புலப்பட்டுவிடும்.

ஆயினும், முடிவு தெரிந்தால் சுவை குன்றிவிடுமா? 2019 விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டம் 4 மணி 57 நிமிடம் நீடித்தது. ஐந்தாம் செட்டில் 8-7 என முன்னிலை பெற்ற ஃபெடரருக்குக் கோப்பை ஒரே புள்ளித் தொலைவில் இருந்தது. அத்தகைய இரு வாய்ப்புகளையும் முறியடித்த ஜோகோவிச், அந்த செட்டை 13-12 எனக் கைப்பற்றினார். இதை அறிந்தே பார்த்தாலும், அவ்விரு புள்ளிகளின்போது நெஞ்சு படபடக்கவே செய்கிறது.