வெல்டிங் ராடு: எந்த இரும்புக்கு எந்த நம்பர்?



வெல்டிங் பட்டறை வைக்க நம் குழுக்களில் இப்போது கடன் கேட்கிறார்கள். மெஷினைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம், ராடைப் பற்றிக் கேட்பதில்லை. தப்பான ராடு போட்டால் கடனோடு உயிரும் போகலாம்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கிற ஜன்னல் கிரில், கேட் எல்லாம் சாதாரண இரும்பு. அதற்கு 6013 ராடு போதும். டிராக்டர் டிரெய்லர் கொக்கி, டிப்பர் லாரி பாகம், கிரேன் போன்றவற்றில் வலுக்கூடிய எஃகு இருக்கலாம். அங்கே 6013 கூடாது.

நம்பரைப் படிப்பது எப்படி?

முதல் இரண்டு எண் பலத்தைச் சொல்லும். 60 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 42 கிலோ இழுவை தாங்கும். 70 என்றால் சுமார் 49 கிலோ. 80 என்றால் சுமார் 56 கிலோ. கடைசியில் 18 என்று இருந்தால் அது ஹைட்ரஜன் குறைந்த ராடு. வலுக்கூடிய எஃகுக்கு இதுதான் வேண்டும்.

பின்னால் சில எழுத்துகள் இருந்தால் கலப்பு உலோகம் உண்டு. உதாரணமாக, 8018-பி2 ராடில் குரோமியம், மாலிப்டினம் சேர்ந்திருக்கும். அனல் மின்நிலையக் கொதிகலன் குழாய்களுக்கு இப்படிப்பட்ட ராடு தேவை. திருச்சி பெல் நிறுவனத்தில் செய்வது அந்தக் கொதிகலன்கள்தான்.

பெரிய நம்பர் வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். இரும்பின் பலத்துக்குப் பொருந்துவதே சரி.

ஈரம்தான் எதிரி

அப்பளம் மாதிரி ராடின் பூச்சும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெல்டிங் சூட்டில் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எஃகுக்குள் போகும். வேலை முடிந்தபோது ஜோடிப்பு அழகாக இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளே விரிசல் விடும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து கிங்ஸ் பாலம் 1961-ல் திறந்தது. அடுத்த வருஷமே, 1962 ஜூலையில், பாரவண்டி போகும்போது ஒரு பகுதி உடைந்து இறங்கியது. வலுக்கூடிய எஃகில் வெல்டிங் ஓரத்தில் இருந்த விரிசல்கள்தான் ஆரம்பம்.

செய்ய வேண்டியவை:

1. என்ன இரும்பு என்று கேளுங்கள். தெரியாவிட்டால் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.
2. 7018 ராடு ஈரப்பட்டால் வெயிலில் காய்ந்து சரியாகாது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஓவனில் சுட வேண்டும். பொதுவாக 260 டிகிரிக்கு மேல், 2 மணி நேரம்.
3. பிரித்த ராடைச் சுமார் 120 டிகிரி சூட்டுப் பெட்டியில் வையுங்கள்.
4. தடித்த எஃகை முதலில் சூடாக்கிவிட்டே வெல்டிங் செய்யுங்கள்.

கடன் விண்ணப்பத்தில் மெஷின் விலையோடு ராடு ஓவன் விலையையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள்.