கணினி எழும்போது நடக்கும் முதல் வேலை

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உபுண்டு கணினி ஒன்று எழ மறுத்தது. கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்ற அறிவிப்பு. வன்தட்டு போய்விட்டது என்றே நினைத்தோம். மாணவர்களின் ஓராண்டுப் பயிற்சிக் கோப்புகள் அதில்தான் இருந்தன. உண்மையில் வன்தட்டு நலமாகவே இருந்தது.

கணினியை இயக்கியதும் ‘கிரப்’ என்னும் தொடக்க நிரல், கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. அடுத்து கெர்னல் வன்தட்டைப் படிக்க வேண்டும். அதற்குரிய டிரைவர்களில் பல தனித்தனி மாடியூல்களாக அதே வன்தட்டில் உள்ளன. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். (கிரப் மட்டும் எப்படிப் படித்தது என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். அது பயாஸ் தரும் வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. கெர்னலோ தன் சொந்த டிரைவரையே நம்பும்.)

இதற்கான மாற்றுச் சாவி ‘இனிட்ராம்எஃப்எஸ்’. தேவையான மாடியூல்கள், சில சிறு கருவிகள், ‘இனிட்’ என்ற நிரல் ஆகியவற்றைச் சுருக்கிக் கட்டிய பொதி அது. கெர்னலுடன் சேர்த்து அதையும் கிரப் நினைவகத்தில் ஏற்றிவிடும். பொதி வன்தட்டைத் திறந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கெர்னல் பதிப்பு மாறினால் மாடியூல்களும் மாறும். எனவே பொதியையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்வது மறதிக்கு இடம் கொடுக்கும். ஆகவே உபுண்டுவில் புதிய கெர்னல் நிறுவப்படும்போதே ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ தானாக அழைக்கப்படுகிறது. ஃபெடோராவில் இதே வேலையை ‘டிராகட்’ செய்கிறது.

எங்கள் கணினியில் ‘பூட்’ தனிப் பகுதியாக இருந்தது. பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பிவிட்டது. புதிய கெர்னல் வந்து உட்கார்ந்தது. பொதியை எழுத இடமில்லை. புதுப்பிப்பின்போது பிழைச்செய்தி வந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் கணினி எழுந்தது. மாணவர் கோப்புகளை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு வேண்டாத கெர்னல்களை நீக்கி, பாதியில் நின்ற நிறுவலைத் தொடரச் செய்தேன். பொதி தானே உருவானது.

ஒரு கணினியின் வன்தட்டைப் படியெடுத்து மற்றவற்றில் பதிப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதியின் அமைப்புக் கோப்பில் ‘மாடியூல்ஸ்’ என்பதற்கு ‘டெப்’ என்றிருந்தால், அந்தக் கணினிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே சேரும். வேறு வன்பொருளில் அந்தப் படி எழாமல் போகலாம். ‘மோஸ்ட்’ என்றிருந்தால் பொதி பெரிதாகும்; ஆனால் பெரும்பாலான கணினிகளில் எழும்.