கடலைத் தடுத்த சுவர்கள்

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலை சுவர் போல நிற்கிறது. கடலோர ஊருக்கு எது சுவர்?

இலங்கையின் தெற்கே ஒரு கடலோர ஊர் உண்டு. அதன் பெயர் காலி. அங்கே ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1588-இல் போர்த்துக்கீசியர் அங்கு அரண் கட்டினார்கள். 1640-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். கல்லால் பெரிய மதில் எழுப்பினார்கள். கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். 1988-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையம் அழிந்தது. கடைகள் அழிந்தன. மதிலுக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின.

காலிக்கு வடக்கே ஹிக்கடுவை இருக்கிறது. அழகான கடற்கரை. கடலுக்குள் பவளப்பாறை உண்டு. பவளப்பாறை என்றால் என்ன? சின்னஞ்சிறு கடல் உயிர்கள் கட்டிய சுண்ணாம்புச் சுவர். அதைப் பார்க்கப் பல நாட்டவரும் வருகிறார்கள். அங்கே பாறையைப் பாதுகாத்து வந்தார்கள். சுனாமி அலை சுமார் 50 மீட்டர்தான் கரையேறியது.

சற்றே வடக்கில் பெரலிய என்ற ஊர். அதன் அருகே பவளப்பாறையை வெட்டி எடுத்திருந்தார்கள். அங்கே அலை ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே பாய்ந்தது. நின்றிருந்த ரயிலைப் புரட்டிப் போட்டது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வித்தியாசத்தை 2005-இல் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

சுற்றுலா வருபவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கேயே வாழ்பவர்கள் ஊரார். பழைய மதிலும் பவளப்பாறையும் வெறும் அழகு அல்ல. அவை ஊரின் காவல்.

உங்கள் ஊருக்கு எது சுவர்? அதை யார் காக்கிறார்கள்? கூடிப் பேசுங்கள்.