முயலின் சினையும் ஈற்றும்

ஹைதராபாத் நகரின் தார்நாகாப் பகுதியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் தொடங்கப்பெற்று, 1958-இல் ஹைதராபாதுக்கு மாற்றப்பெற்ற இந்நிறுவனத்தைச் சார்ந்து இயங்கிய சோதனைச்சாலைப் பிராணி அறிவியல் மையம், எலி, முயல் முதலியவற்றை வளர்த்து ஆராய்ச்சிக்கு அளித்து வந்தது. இத்தகைய இடங்களில் ஒவ்வொரு பிராணிக்கும் தேதியிட்ட குறிப்பு உண்டு. வீட்டு முயல் வளர்ப்போரும் இம்முறையை மேற்கொள்ளின், குட்டிகளின் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

சினைக் காலம்

முயலுக்குப் பசுவைப்போல் குறித்த பருவச் சுழற்சி இல்லை. ஆணுடன் சேர்ந்த பின்னரே, சுமார் 10 மணி நேரத்தில், சினைமுட்டைகள் வெளிப்படுகின்றன. பெட்டையையே ஆணின் கூண்டுக்குக் கொண்டு செல்லவேண்டும். தன் கூண்டினுள் வரும் ஆணைப் பெட்டை தாக்கக்கூடும். வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நீடித்தால் ஆணின் விந்துத் தரம் குன்றும். ஆகவே கோடையில் நிழலும் காற்றோட்டமும் இன்றியமையாதன.

சினைக் காலம் சராசரி 31 நாட்கள். 12 முதல் 14-ஆம் நாளில் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால், கருக்கள் சிறு உருண்டைகளாகக் கைக்குத் தட்டுப்படும். அழுத்துதல் கருவைச் சிதைக்கும். பொய்ச்சினையாயின், சுமார் 17-ஆம் நாளிலேயே பெட்டை உரோமம் பிடுங்கிக் கூடு கட்ட முற்படும்.

ஈற்று

28-ஆம் நாளில் வைக்கோல் பரப்பிய ஈற்றுப் பெட்டியைக் கூண்டில் வைத்தல் வேண்டும். ஜூன் 1-இல் சேர்க்கப்பட்ட பெட்டைக்கு ஜூன் 29-இல் பெட்டியும், ஜூலை 2-இல் ஈற்றும் என்று கணக்கிடலாம். தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். ஈற்று பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ நிகழும். அவ்வேளையில் அமைதியும் தண்ணீரும் தேவை. அச்சமும் தாகமும் தாயைத் தன் குட்டிகளையே கடித்துத் தின்னத் தூண்டக்கூடும். 32 நாட்கள் கடந்தும் ஈனாவிடில் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

முதல் வாரம்

குட்டிகள் உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. அவற்றின் முதற் பகை குளிர். பெட்டிக்கு வெளியே கம்பித் தளத்தில் கிடக்கும் குட்டி விரைவில் குளிர்ந்து இறந்துவிடும். அதைக் கையின் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, பின்னரே கூட்டில் சேர்க்கவேண்டும். குட்டிகளை நாள்தோறும் எண்ணி, இறந்தவற்றை உடனே அகற்றுதல் வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது மிகையான அச்சம். தூய கையால் விரைந்து செய்தால் தீங்கில்லை.

தாய் நாள்தோறும் ஒரு முறை, 3 முதல் 5 நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். இதை அறியாதோர், தாய் குட்டிகளைக் கைவிட்டதெனக் கருதி, பசும்பாலைப் புகட்டி அவற்றைக் கொன்றுவிடுவதுண்டு. குட்டியின் வயிறு உருண்டிருந்தால் பால் கிடைத்ததென்று துணியலாம். ஒட்டியிருந்தால், அதே நாளையொட்டி ஈன்ற வேறொரு பெட்டையிடம் சேர்க்கலாம்.

10 முதல் 12 நாட்களில் கண் திறக்கும். 4 முதல் 5 வாரங்களில் பால் மறக்கச் செய்யலாம். பள்ளிகளில் முயல் வளர்க்கும் ஆசிரியர்கள், இத்தேதிகளை மாணவரைக் கொண்டே அட்டையில் குறிக்கச் செய்வது நற்பயிற்சியாகும்.