கொட்டகைக் கூரையும் கல்நார்த் தூசியும்



மாட்டுக்கொட்டகையில் கீற்றை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டவர்கள் பலர். "சிமெண்டுதானே, என்ன கெடுதல்?" என்பீர்கள். சிமெண்டோடு கல்நார் இழையும் அதில் கலந்திருக்கிறது. முழுசாக இருக்கும்வரை இழை உள்ளேயே பிடிபட்டிருக்கும். அறுத்தாலோ, துளைத்தாலோ, உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத தூசியாய்ப் பறக்கும்.

மூச்சோடு உள்ளே போன இழை நுரையீரலைத் தழும்பாக்கும், நடந்தாலே இளைக்கும். நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் வரலாம். இன்று பட்டது 20, 30 வருஷம் கழித்துத்தான் தெரியும். பீடி குடிப்பவருக்கு நுரையீரல் புற்று ஆபத்து இன்னும் அதிகம். இதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது.

அதுக்காக நல்ல கூரையைப் பிரிக்க வேண்டாம். பிரிக்க நேர்ந்தால் தண்ணீர் தெளித்து, உடையாமல் இறக்குங்கள். மிஷின் வைத்து அறுக்காதீர்கள். உடைசலைக் களத்திலோ வண்டிப்பாதையிலோ கொட்டி நிரவாதீர்கள். தூசியை உலர்வாகக் கூட்டாமல், நனைத்து அள்ளுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதும்னு நினைக்காதீங்க. இழை அதில் நுழைந்துவிடும். வேலைத்துணியை வீட்டில் உதறாதீர்கள். புதுக் கொட்டகைக்கு ஓடோ தகரமோ போடுங்கள்.

முன்பு கல்நார் வேலை பார்த்தவருக்கு இளைப்பு இருந்தால், அந்த வேலையையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.